ஒரே ஒரு நல்ல மீன்

கையை எடுங்க சார். பையில கை வெக்காதீங்க. உள்ள உயிர் இருக்கு.

சரி சரி, தெரியாமத்தான் வெச்சீங்க. ஆனா சொல்லணும்ல? பாதிதான் தண்ணி, மீதி காத்து. நீங்க பாட்டுக்கு முழங்கையை ஊனினா பஸ்ஸு பூரா உப்புத் தண்ணி. கண்டக்டர் என்னைத்தான் எறக்கி விடுவான், உங்களை இல்ல.

மீன்தான். கடல் மீன். டாம்சல்னு பேரு. ஆமா, சைஸு இவ்ளோதான், கட்டை விரலுக்கு மேல வளராது. நீலமா இருக்கு, வாலு மஞ்சள், அழகா இருக்குன்னுதானே பார்க்கறீங்க? எல்லாரும் அப்டித்தான் பார்ப்பாங்க. சரியான ரௌடி சார் இது. தொட்டியில கையை விட்டா வந்து கடிக்கும். கூட இருக்கற மீனை மூலையில தள்ளித் தள்ளியே சாவடிக்கும். கடையில இதுக்கு மரியாதையே கிடையாது. புதுசா உப்புத் தண்ணி தொட்டி வெக்கறவங்க, தண்ணி சரியா இருக்கான்னு பார்க்க முதல்ல இதைத்தான் விடுவாங்க. பொழைச்சா தண்ணி சரி, இதுவே செத்தா சரியில்ல. அதுக்குத்தான் இது.

இதுக்குப் போயி காலையில கடையை சாத்திட்டு ஆவடி வரைக்கும் போயிட்டு வரேன். எதுக்கு? ஒரு அம்மா ஃபோன் பண்ணி, "உங்க மீனை வந்து எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. உங்க மீனாம்! ஆறு மாசத்துக்கு முன்னாடி வித்த மீன் எப்டி சார் என் மீனாவும்?

நீங்க எங்க எறங்கணும்? மாதவரமா? நான் ரெட்டேரி. அது வரைக்கும் கேளுங்க. நானா வந்து சொல்லலை. "ஏன் சார் மீனை மடியில வெச்சுக்கிட்டு மொறைச்சுக்கிட்டே வர்றீங்க"ன்னு கேட்டது நீங்க.

என் பேரு எத்திராஜ். கொளத்தூர்ல கடை. இருபத்திரெண்டு வருஷமா கடல் மீன் விக்கறேன். எங்க வரிசையில மத்ததெல்லாம் நல்ல தண்ணி மீன் கடை, கடல் மீனுக்கு நானும் எதிர்க் கடை அல்போன்ஸும்தான். அல்போன்ஸ் கடைக்குப் போயிருக்கீங்களா? போவாதீங்க. மீன் வாங்கப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேள்வி கேப்பான். தொட்டி எத்தனை அடி? வெச்சு எத்தனை மாசம் ஆச்சு? உள்ள பாறை போட்டிருக்கா? ஊருக்குப் போனா யாரு பார்த்துப்பாங்க? எல்லாத்துக்கும் பதில் சொன்னாக்கூட கடைசியில, "இந்த மீன் உங்களுக்கு சரிப்படாதுங்க, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க"ம்பான். வியாபாரி பேசற பேச்சா சார் இது? கடைக்கு வந்த லட்சுமியை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பறது. ஆனா ஒண்ணு, அவன் அனுப்பறவங்க எல்லாம் ரோட்டைத் தாண்டி நேரா என்கிட்டதான் வருவாங்க. அந்த வகையில அவனுக்கு நான் நன்றி சொல்லணும், சொல்ல மாட்டேன், அது வேற விஷயம்.

இந்திராணி அம்மாவும் அப்டி வந்தவங்கதான். இப்ப மீனைத் திருப்பிக் குடுத்தாங்களே, அவங்க. போன வருஷம் ஆடி மாசம். அவங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி ரெண்டும் போயி, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ரயில்வேயில இருந்து ரிடையர் ஆனவரு. வீட்டுல மீன் வெச்சா நல்லதுன்னு யாரோ ஜோசியக்காரன் சொல்லியிருக்கான். அல்போன்ஸ் வழக்கம் போல, "தொட்டியை வெச்சு ரெண்டு மாசம் தண்ணியை ஓட விடுங்க, அப்புறம் மீன் தரேன்"னிருக்கான். அந்தம்மா எங்கிட்ட வந்து, "எனக்கு ரெண்டு மாசமெல்லாம் டைம் இல்லைங்கண்ணா"ன்னாங்க. பாவமா இருந்துச்சு சார். சத்தியமா பாவப்பட்டுத்தான் குடுத்தேன்.

"ரெண்டு மாசம் எதுக்கும்மா? இன்னிக்கே வெச்சுக்கலாம்"னேன். தொட்டி, உப்பு, மோட்டார் எல்லாம் கட்டிக் குடுத்தேன். அப்ப ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, அது நானே யோசிச்சது. "அம்மா, திருஷ்டி கழிக்க உப்பைத்தானே சுத்திப் போடறோம்? இது உப்புத் தண்ணியிலயே இருக்கற மீனு. இருபத்திநாலு மணி நேரமும் உங்க வீட்டுக்கு உப்பு சுத்திக்கிட்டே இருக்கும்"னேன். அந்தம்மா முகத்தைப் பார்க்கணும் நீங்க. அதுலேர்ந்து அந்த வார்த்தையை எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன், ஒருத்தர்கூட வேணாம்னு போனதில்ல.

மாண்டரின்னு ஒரு மீன் குடுத்தேன். பட்டுப் புடவை பார்டர் மாதிரி இருக்கும். "சாப்பிடுமாண்ணா"ன்னாங்க. சாப்பிடும், பாருங்கன்னு போட்டுக் காட்டினேன். அதுக்குன்னே கடையில பொடிப் பூச்சியை முட்டையிலேர்ந்து பொரிக்க வெச்சிருப்போம், உயிரோட நெளியும், எந்த மீனும் ஓடி வந்து தின்னும். வீட்டுக்குப் போனப்புறம் அவங்க போடப் போறது டப்பா தீனி. மாண்டரின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பாறையில ஊர்ற பூச்சியைப் பொறுக்கித் தின்ன மட்டும்தான் அதுக்குத் தெரியும், புதுத் தொட்டியில பூச்சி ஏது? மூணு வாரம், மிஞ்சிப் போனா நாலு வாரம். வயிறு உள்ள போயி, தலை மட்டும் பெரிசா தெரியும்.

எனக்குத் தெரியாம இருக்குமா? எந்த மீன் எந்தத் தொட்டியில எத்தனை நாள்ல போவும்னு எனக்கு அத்துப்படி. தொழில் சார்.

இருபத்திநாலாவது நாள் வந்தாங்க. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவுல செத்த மீனைப் போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க. கடையில வேற ஆளுங்க இருக்காங்க. சண்டைக்கு வந்திருக்காங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. வேற மீன் குடுன்னு கேப்பாங்க, ஊரைக் கூட்டுவாங்க. நான் டப்பாவை வாங்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். "அம்மா, வீட்டுல யாருக்காவது உடம்பு முடியாம இருந்துச்சா?"ன்னேன். அவருக்குத்தான்னு எனக்குத்தான் தெரியுமே. இருந்தாலும் அப்டிக் கேக்கணும். "அதான்மா. அவருக்கு வர இருந்ததை இது வாங்கிட்டுப் போயிடுச்சு"ன்னேன்.

இது நான் கண்டுபுடிச்சது இல்ல. கொளத்தூர்ல பாதிக் கடையில சொல்றதுதான். வளர்த்த மீன் செத்துப் போச்சுன்னா வீட்டுக்கு வந்த ஆபத்தை ஏத்துக்கிச்சுன்னு ஜனங்களே நம்பறாங்க, நாங்க ஞாபகப்படுத்தறோம், அவ்ளோதான். அதைக் கேட்டா சண்டைக்கு வந்தவங்க சமாதானமா போவாங்க. அந்தம்மா போவலை. அங்கயே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு டப்பாவை எடுத்து முந்தானையில மூடிக்கிட்டுப் போனாங்க.

மறு நாள் தட்டுல பழம், வெத்தலைப் பாக்கு, பூ எல்லாம் வெச்சு எடுத்துட்டு வந்து என் கையில குடுக்கறாங்க சார்! அவருக்குக் கிட்னி டெஸ்டுல கிரியாட்டினின் ஒம்போதுல இருந்து ஆறுக்கு எறங்கிடுச்சாம். டயாலிசிஸ் பண்ணா எறங்கத்தான் செய்யும், ரெண்டு நாள்ல மறுபடி ஏறும். என் மச்சானுக்குப் பண்ணப்ப பார்த்திருக்கேன். ஆனா பழத்தட்டோட வந்து நிக்கறவங்ககிட்ட அதையா சொல்ல முடியும்? "நல்லா இருப்பாரும்மா"ன்னேன். "இன்னொண்ணு குடுங்கண்ணா"ன்னாங்க.

அப்டித்தான் ஆரம்பிச்சுது. செவ்வாய்க்கிழமை காலையில கடையைத் தொறக்கறப்பவே நிப்பாங்க. முதல் போணி அவங்கதான். முதல் போணியை எவனாவது வேணாம்பானா? மாசியில நிறுத்தற வரைக்கும் பத்து மீன். பவளத்தை மட்டும் தின்னற பட்டர்ஃப்ளை மீன் ஒண்ணு குடுத்தேன், பவளத்துக்கு நான் எங்க போறது, அந்தம்மா எங்க போறது? கடல்ல மருந்து அடிச்சுப் புடிச்சுக் கொண்டாந்த மீன் சிலது வரும். தெம்பா ஓடும், நல்லா தின்னும், பத்து நாள்ல திடீர்னு மல்லாந்துடும். அதுல ரெண்டு குடுத்தேன். எப்டியும் என் தொட்டியில சாவப் போற மீன். அங்க போயி செத்தா ஒரு குடும்பத்துக்கு நிம்மதி. இதுல தப்பு எங்க இருக்குன்னு நீங்க சொல்லுங்க. ஒவ்வொண்ணையும் மஞ்சள் குங்குமம் வெச்சு, செம்பருத்திச் செடித் தொட்டியில பொதைப்பாங்களாம். கேக்கவே எனக்கு ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. வேற எந்த வியாபாரிக்கு சார் இந்த மரியாதை கெடைக்கும்?

ஒரு தடவ மட்டும் ஒரு மீன் நாப்பது நாளாச்சு, போவலை. ஃபோன் பண்ணாங்க. "அண்ணா, இது இன்னும் நல்லாத்தான் இருக்கு. அவருக்கு ராத்திரியெல்லாம் மூச்சு முட்டுது. இது ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?" அதுக்கப்புறம் நான் பார்த்துத்தான் குடுத்தேன். சீக்கிரம் போறதா. வாடிக்கைக்காரங்களுக்கு எது வேணுமோ அதைக் குடுக்கறதுதானே வியாபாரம்? இல்ல, அல்போன்ஸ் மாதிரி வியாக்கியானம் பண்ணிக்கிட்டு உக்காரணுமா? அவன் ஒரு நாள் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டான், "எத்திராஜு, அந்தம்மாவுக்கு என்னத்த குடுத்துக்கிட்டிருக்க?"ன்னு. உன் வேலையைப் பாருன்னு அனுப்பிட்டேன். எனக்கு வர்ற போணியைப் பார்த்து அவனுக்கு வயித்தெரிச்சல்.

ஏன் சார் அப்டிப் பார்க்கறீங்க? நீங்க மீன் வளர்த்ததே இல்லையா? வளர்த்திருக்கீங்க. இப்ப இருக்கா? அப்புறம் என்ன?

இப்ப இதைக் கேளுங்க. மாசி மாசம், மத்தியானம், வெயில். ஆட்டோ வந்து நிக்குது. அதுலேர்ந்து ஒரு பெரியவர் எறங்கறாரு. கையில பேண்டேஜ், சட்டை ஹேங்கர்ல தொங்கற மாதிரி தொங்குது. கடைப் படி ரெண்டுதான், ஏற அஞ்சு நிமிஷம் ஆச்சு. "நான்தாம்பா இந்திராணி வீட்டுக்காரன், வரதராஜுலு"ன்னாரு. தண்ணி குடுத்தேன், ரெண்டு வாய் மட்டும் குடிச்சாரு. டயாலிசிஸ் பண்றவங்களுக்குத் தண்ணி அளவாமே.

"தம்பி, என் உடம்பு எனக்குத் தெரியும். டாக்டரும் சொல்லிட்டாரு. அதுக்காக நான் வரலை"ன்னாரு. "இந்த மீன் விஷயமா வந்தேன். அவ காலையில எழுந்ததும் முதல்ல தொட்டிகிட்டதான் போறா. மீன் செத்துக் கெடந்தா அவ முகம் மலருது தம்பி. சந்தோஷமா ஓடி வந்து எங்கிட்ட சொல்றா. நான் கட்டினவ அப்டிப்பட்டவ இல்ல. எறும்பை மிதிச்சாக்கூட வருத்தப்படுவா. என்னால அதைப் பார்க்க முடியலை."

அவரு உக்கார ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"சாகாத மீனா ஒண்ணு குடு. உங்கிட்ட இருக்குமில்ல, அந்த மாதிரி? அவகிட்ட சொல்லாத, நீயே குடுத்து அனுப்பினதா நான் சொல்லிக்கறேன்"ன்னாரு.

அப்பதான் இந்த டாம்சலைப் புடிச்சுக் குடுத்தேன். இது சாவாது. தண்ணி நாறினாலும் இருக்கும். காசு வேணாம்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா சும்மா குடுத்தா வெளங்காது, எம்பது ரூபா வாங்கிக்கிட்டேன். அவரு பையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து சிரிச்சாரு. கடையில நின்னு யாரும் அப்டி சிரிச்சு நான் பார்த்ததில்ல.

இருபத்திரெண்டு வருஷத்துல நான் ஒரே ஒரு நல்ல மீன் குடுத்தேன்னு வெச்சுக்கோங்க, அது இதான். அதுக்குத்தான் சார் எனக்கு இந்த அசிங்கம்.

அந்தம்மா அப்புறமும் ஃபோன் பண்ணாங்க. வேற மீன் வேணும், சீக்கிரம் வேணும்னு. ஸ்டாக் வரலைம்மான்னேன். தொட்டி பூரா மீன் ஓடுது, ஸ்டாக் வரலைன்னேன்! பெரியவருக்குக் குடுத்த வாக்குக்காக. அஞ்சாறு வியாபாரத்தை விட்டேன் சார். இதையெல்லாம் யாரு நெனச்சுப் பார்க்கறாங்க? ஒரு தடவ ஃபோன்ல பின்னாடி அவரு குரல் கேட்டுச்சு, "போதும் இந்து, இது ஒண்ணு போதும்"னு. அவருதான் இதுக்குத் தீனி போடுவாராம். டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததும் நாற்காலியைத் தொட்டிக்கு எதிர்ல போட்டு உக்காந்துப்பாராம். இது கண்ணாடியோரம் வந்து அவர் விரல் போற பக்கமெல்லாம் போவுமாம். நான் நம்பலை. கடிக்க வந்திருக்கும்.

போன மாசம் அவரு போயிட்டாரு. எனக்குத் தெரியாது. யாரு சொல்லப் போறாங்க? நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுதாம். இன்னிக்குக் காலையில ஃபோன்.

போனேன். ஹால்ல படம், மாலை, விளக்கு. எதிர்ல அந்த நாற்காலி, அதுக்கு எதிர்ல தொட்டி. தண்ணி பாசி புடிச்சுப் பச்சையா கெடக்கு. உள்ள இது ஒத்தையா சுத்திக்கிட்டிருக்கு. அந்தம்மா, "உக்காருங்க"ன்னாங்க. நாற்காலி அது ஒண்ணுதான் கிட்ட இருந்துச்சு. நான் நின்னுக்கிட்டேன்.

"பத்து மீன் குடுத்தீங்க. பத்தும் அவருக்காகப் போச்சு. இதை மட்டும் ஏண்ணா குடுத்தீங்க?"

"என்னம்மா கேக்கறீங்க?"

"இது போயிருந்தா அவரு இருந்திருப்பாரு. இது போவலை. வேற குடுங்கன்னு எத்தனை தடவ கேட்டேன்? ஸ்டாக் இல்லைன்னீங்க. எதிர்க் கடைக்காரருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், உங்க கடை தொட்டி பூரா மீன் இருக்குன்னாரு. ஏண்ணா எங்கிட்ட பொய் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அல்போன்ஸ் வேலையைப் பார்த்தீங்களா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாவு வீடுன்னு பார்க்காம, பொம்பளைன்னு பார்க்காம கத்திட்டேன். "உங்க வீட்டுக்காரர்தாம்மா கேட்டாரு! சாகாத மீனா குடுன்னு அவரே ஆட்டோ புடிச்சு என் கடைக்கு வந்தாரு!"ன்னேன். "அவரா?"ன்னாங்க. "அவரேதான்"னு அவரு சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். மீன் செத்தா நீங்க சந்தோஷப்படறதைப் பார்க்க முடியலைன்னாரு, அதையும் சொன்னேன். சொல்லாம எப்டி? என் மேல பழி வருதுல்ல? அந்தம்மா செவுத்துல கையை ஊனிக்கிட்டாங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அவங்க மறுபடி, "இருந்தாலும் மத்த பத்தும் ஏத்துக்கிச்சே, அவரு சொன்னாருன்னு நீங்க இதைக் குடுத்திருக்கக் கூடாது"ன்னாங்க. விட மாட்டேங்கறாங்க சார். கடைசியில தப்பு என் தலையிலதான் வந்து நிக்குது. அப்ப சொன்னேன். "அம்மா, அந்தப் பத்தும் எப்டியும் செத்திருக்கும். உங்க வீட்டுக்காரர் பயில்வானா இருந்திருந்தாலும் செத்திருக்கும். இந்தத் தொட்டியில அதுங்க பொழைக்காது. எந்தக் கடைக்காரனை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எனக்குக் குடுக்கறப்பவே தெரியும்"னேன்.

வாயை அடைச்சுட்டேன்ல? அப்புறம் மெதுவா கேட்டாங்க.

"அப்ப அதெல்லாம் சும்மா செத்துச்சா?"

"மீன்னா சாவத்தான்மா செய்யும்"னேன். வேற என்ன சொல்லுவாங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க பார்ப்போம்.

அழுவாங்கன்னு நெனச்சேன். அழலை. அழுதிருந்தா நான் ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டு வந்திருப்பேன். உள்ள போனாங்க, பையும் வலையும் எடுத்துட்டு வந்தாங்க. அவங்களே புடிச்சாங்க. கையில கடிச்சுது, ஸ்ஸுன்னுகூட சொல்லலை. பையைக் கட்டிக்கிட்டே சொல்றாங்க: "பதினாறு நாளா இதுக்கு ஒண்ணும் போடலைண்ணா. காரியத்துக்குள்ள போயிடும்னு நெனச்சேன். இதுவும் போயிடட்டும்னு நெனச்சேன். தினம் காலையில வந்து பார்ப்பேன். கண்ணாடிகிட்ட வந்து நிக்கும். பாசியைத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. இது எங்கிட்ட இருக்கக் கூடாது. நான் என்ன ஆயிட்டேன்னு எனக்கே தெரியலை."

பையை நீட்டினாங்க. "அவரு கேட்டது சாகாத மீன். குடுத்தது நீங்க. அதனால நீங்கதான் வெச்சுக்கணும். விக்கக் கூடாது. நான் செவ்வாய்க்கிழமை காலையில வருவேன். பார்த்துட்டுப் போயிடுவேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"எத்தனை நாளைக்கும்மா?"ன்னேன்.

"நல்லா பார்த்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் இருக்குமாம். அவரு ஃபோன்ல படிச்சு சொன்னாரு."

பதினஞ்சு வருஷம் சார்! எனக்கு அம்பத்தொம்போது முடிஞ்சு போச்சு. சுகர் வேற. பதினஞ்சு வருஷத்துக்கு வாராவாரம் வந்து பார்ப்பாங்களாம். வியாபாரம் பண்ற எடத்துல வந்து நின்னு, ஒண்ணும் கேக்காம, பார்த்துட்டுப் போவாங்களாம். கேக்கறதா இருந்தா நான் பதில் சொல்லிடுவேன். இருபத்திரெண்டு வருஷமா எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கேன். கேக்காம நின்னா என்ன பண்றது?

வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கலாமேங்கறீங்களா? கையை நீட்டி வாங்கிட்டேன். ஏன்னு கேக்காதீங்க.

செத்தா வேற டாம்சலை விட்டுடலாம், எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்னுதான யோசிக்கறீங்க? நானும் அதைத்தான் யோசிச்சேன், அவங்க வீட்டுப் படி எறங்கறப்பவே. ஆவாது. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடும். ஆறு மாசம் எதிர்ல நின்னு இது எப்ப சாவும்னு பார்த்தவங்க சார் அவங்க. செதில் செதிலா தெரிஞ்சிருக்கும்.

கொஞ்சம் அந்த ஜன்னல் ஷட்டரை எறக்குங்க. வெயில் நேரா பையில படுது. எறக்குங்க சார், உங்களுக்குக் காத்து ரெண்டு நிமிஷம் வரலைன்னா செத்துட மாட்டீங்க.

என்ன கேட்டீங்க? பொழைக்குமாவா? எனக்கு எப்டி சார் தெரியும்? என் கடையில எந்த மீனும் பத்து நாளைக்கு மேல இருந்ததில்ல. வரும், போவும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு சிட்டிகை போடுவோம், நிறைய போட்டா தண்ணி கலங்கிடும், கலங்கினா விக்காது. எது எத்தனை நாள்ல சாவும்னு கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எப்டி உயிரோட வெச்சுக்கறதுன்னு எவனும் எங்கிட்ட கேட்டதில்ல, நானும் யாருகிட்டயும் கேட்டதில்ல.

பாடி பாலம் எறங்கிட்டான். அடுத்து ரெட்டேரிதான்.

ஏன் சார், நீங்க மீன் வளர்த்திருக்கேன்னு தலையை ஆட்டினீங்களே, ஒரு நாளைக்கு எத்தனை தடவ போட்டீங்க? ஒரு தடவயா, ரெண்டு தடவயா? பதினாறு நாள் பட்டினி கெடந்ததுக்கு எடுத்ததும் நிறைய போடலாமா, கூடாதா? அவரு என்ன போட்டாருன்னு அந்தம்மாகிட்ட கேட்டிருக்கணும். கேக்காம வந்துட்டேன்.

உங்களுக்கும் தெரியாதா? தெரியாமத்தான் வளர்த்தீங்களா?

தள்ளுங்க, நான் எறங்கணும். பையைப் பார்த்து சார், பையைப் பார்த்து.